லெட்டூஸ் பின்னால் போகாத கோடை

மார்ச் மாதம் முடியப் போகிறது என்றால் அமெரிக்காவில், மெக்சிகோ எல்லையோரம் இருக்கிற சான் லூயிஸில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: "லெட்டூஸ் வடக்கே போகுது." ஏதோ அதற்குக் கால் முளைத்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற மாதிரிதான் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பும் இல்லை. பக்கத்து யூமா வயல்களில் வெயில் ஏறிவிட்டால், முட்டைக்கோஸ் மாதிரி உருண்டிருக்கிற இந்த லெட்டூஸ் கீரை கசந்து, நடுத்தண்டு நீண்டு பூவெடுத்துவிடும். அதன்பிறகு ஆடு மாடுகூடச் சீண்டாது. கம்பெனிக்காரன் ஒருநாளும் தாமதிக்க மாட்டான். அறுவடை மெஷின், பஸ், மேஸ்திரிமார், வயலோரம் இழுத்துக்கொண்டு திரிகிற கக்கூஸ் வண்டி வரைக்கும் சகலத்தையும் சலீனாஸ் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்விடுவான். ஒரு பகல் முழுக்க ஓட்டினால்தான் அந்த ஊர் வரும். பின்னாலேயே சனமும் போகும். நவம்பரில் எல்லாம் திரும்பி வரும். நடுவில் உள்ள மாதங்களில் ஊர் வெயிலில் வெந்துகொண்டு சும்மா கிடக்கும்.

ஹெர்மிண்டாவும் அவள் புருஷன் எவரிஸ்தோவும் கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். அவர் தரையில் குனிந்து வெட்டுகிற கோஷ்டியில் வெட்டுக்காரர். அவளும் முதலில் அப்படிக் குனிந்தவள்தான். மாடாய் உழைத்து, மெல்ல மெல்ல ஏறி, இப்போது அறுவடை மெஷினிலிருந்து பக்கவாட்டில் நீளும் இடது சிறகில் மூன்றாவது இடத்துக்காரி. தலைக்குமேல் ஒரு துணிப் பந்தல், நின்றபடி வேலை, வருகிற லெட்டூஸைத் தட்டிப் பையில் போட்டு அடுக்க வேண்டும். நின்றால் கால் போகும். ஆனால் முதுகு தப்பிக்கும். அந்த இடம் லேசில் கிடைத்ததல்ல. சலீனாஸில் முதல்நாள் காலையில் பஸ்ஸில் ஆள் இல்லை என்றால் பெயர் அடிமட்டத்துக்குப் போய்விடும். மறுபடி தரையிலிருந்து, தன் மகன் வயசுப் பையன்களோடு குனிய வேண்டும்.

இந்த வருஷம்தான் வம்பு. வம்புக்குப் பெயர் நெரெய்தா. பதினைந்து வயசு, பந்தை இடது காலால் அடிக்கிறவள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் மெக்சிகாலியில் ஒரு கால்பந்து கிளப். பெண்பிள்ளைகளுக்கென்று தனி அணி வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் நெரெய்தாவை ஆடவிட்டுப் பார்த்தார்கள். மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு, இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டும் என்றார்கள். அதோடு நின்றிருந்தால் சந்தோஷம். அவள் சின்ன வயசில் யூமாவில் ஒரு அணியில் ஆடினவள், அதனால் அவள் பெயர் இந்தப் பக்கத்துக் கணக்கில் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் நாடு மாறினதாக அர்த்தம், பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை நாடு மாறி ஆடக்கூடாது என்று அடுத்த அடி விழுந்தது. ஹெர்மிண்டா பல் பிடுங்கவும், இனிப்பு ரொட்டி வாங்கவும், மாமியார் கல்லறைக்குப் பூப்போடவும் வாரம் தவறாமல் தாண்டுகிற வேலிதான் அது. பந்துக்கு மட்டும் அது வேறு தேசம்.

ஒரே ஒரு வழி இருந்தது. வீடும் எல்லையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், கிளப்பும் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்து, பிள்ளை தினமும் தன் வீட்டிலேயே வந்து படுத்தால் சேர்க்கலாம். சான் லூயிஸ் எல்லை வேலியிலேயே தலைவைத்துப் படுத்திருக்கிற ஊர். ஆனால் கோடையில்? சலீனாஸ் எங்கே, எல்லை எங்கே! வருஷம் பூராவும் தாயோ தகப்பனோ ஒருவர் பிள்ளையோடு இங்கேயே தங்கியாக வேண்டும். யார் தங்குவது என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. அம்மாதான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை சாயங்காலம் ஹெர்மிண்டா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். எவரிஸ்தோ பின்வாசல் குழாயடியில் குந்தி, வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நெரெய்தா வெளிச்சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அலமாரியில் தட்டுகள் கிலுகிலு என்றன.

"ஏட்டி, செவரு விழுந்துரும். வாடகை வீடு!"

"செவருக்கு வலிக்கலையாம்மா. கேட்டுட்டுத்தான் அடிக்கேன்."

"எனக்கு வலிக்குது. உள்ள வா, சாப்பிட."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மசித்த பீன்ஸ், உப்புக்கண்டம், பச்சைமிளகாய்த் துவையல். எவரிஸ்தோ உட்காரும்போது மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழம கால்பந்துச் சங்கத்து மேடம் வீட்டப் பாக்க வர்றாங்க," என்றாள் ஹெர்மிண்டா. "நான் தங்கிக்கிறேன்னு சொல்லிரப் போறேன். வேற வழி தெரியல."

"தங்கி?" என்றார் எவரிஸ்தோ.

"தங்கி என்ன, இவள ஸ்கூலுக்கு அனுப்பணும். மத்தியானம் எல்லை கேட்டத் தாண்டி கிளப் வேன்ல ஏத்திவிடணும். ராத்திரி வந்தா கதவத் தொறந்து விடணும். அதத்தான கேக்காங்க."

"மூணு கோடை அப்படித் தள்ளுவியா?"

"தள்ளித்தான ஆகணும். பதினெட்டுக்கு அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்களாம்."

"உன் எடம்?"

"எடம் போகும். போனா போகுது."

போனால் போகுது என்று சொல்லிவிட்டு, இன்னும் காலியாகாத அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். மெஷின்மேல் ஏறின முதல்நாள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றது ஞாபகம் வந்தது.

"நான் உன்னத் தங்கச் சொல்லவே இல்லையேம்மா," என்றாள் நெரெய்தா.

"நீ சொல்லலட்டி. வேண்டாம்னும் சொல்லல."

நெரெய்தா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல், "எனக்கு வேணும்மா. வேண்டாம்னு பொய் சொல்ல வரல," என்றாள்.

ஹெர்மிண்டா புருஷனைப் பார்த்தாள். பிப்ரவரியில் இதே பேச்சு வந்தபோது மனிதர் கூரை பறக்கக் கத்தினார். "பந்து சோறு போடுமா? லெட்டூஸ் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று தெருவுக்கே கேட்டது. இன்றைக்கும் கத்துவார் என்று அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"பார்ப்போம்," என்றார் எவரிஸ்தோ. எழுந்துபோய், ஏற்கெனவே தீட்டின கத்தியை மறுபடி தீட்டினார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். இந்த 'பார்ப்போம்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை வேலையின் கடைசி நாள். விடிந்ததும் பஸ் வயலோரம் வந்து நின்றுவிட்டது. ஆனால் ஆர்டர் வரவில்லை. சந்தையில் லெட்டூஸ் மலிந்து கிடக்கிறதாம், எத்தனை பெட்டி வேண்டும் என்று ஆபீஸிலிருந்து போன் வருகிறவரை கத்தியை எடுக்கக்கூடாது. ஜனவரியில் இலைமேல் பனி உறைந்து கிடக்கும், அது உருகுகிறவரை இப்படித்தான் உட்கார வைப்பார்கள். பனிக்கும் காத்திருக்க வேண்டும், சந்தைக்கும் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் கூலி கிடையாது.

பஸ் இன்ஜின் மூடியின்மேல் எல்லாருடைய பொட்டலங்களும் அலுமினியத் தாளில் சுற்றிச் சூடாகிக்கொண்டிருந்தன. ஹெர்மிண்டாவுடையது இரண்டு, தனக்கும் எவரிஸ்தோவுக்கும். அவர் கடைசி சீட்டில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் போட்டுத் தூங்கினார். அல்லது தூங்குகிற மாதிரி கிடந்தார்.

மேஸ்திரி லியோபால்தோ பஸ்ஸுக்கு வெளியே நின்று அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். பஸ் ஓட்டுவதும் அவர்தான், ஆள் எண்ணுவதும் அவர்தான், திட்டுவதும் அவர்தான்.

"என்னண்ணே, கடைசி நாளும் திட்டு உண்டா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

அவர் சிரிக்கவில்லை. கக்கூஸ் வண்டிக்கு மறுபுறம் கூட்டிக்கொண்டு போனார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"எவரிஸ்தோ சொன்னானாம்மா?"

"எத?"

"செவ்வாக்கிழமையே அவன்கிட்ட சொல்லிட்டேன். சலீனாஸுக்கு வர வேண்டாம்னு."

ஹெர்மிண்டா வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சக்கரத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"நீயே தரையில வெட்டுனவ, ஒனக்குத் தெரியாததா?" என்றார் லியோபால்தோ. "மூணு பேர் சேந்து வெட்டி அடைச்சாத்தான் பொட்டி. பொட்டிக்குத்தான் கூலி. ஒருத்தன் கை நின்னா மத்த ரெண்டு பேருக்கும் அடி. அவன் ஒரு பாத்தி வெட்டுறதுக்குள்ள நாலு தடவ நிமிந்து இடுப்பப் பிடிக்கான். அந்தப் பயலுக ரெண்டு பேரும் பொறுத்துப் பாத்தானுக. 'மாமா தங்கமான மனுசன், ஆனா எங்க பிள்ளைகளும் சாப்பிடணுமே'ங்கானுக. நான் என்ன செய்யட்டும்?"

"மெஷின் பக்கம் ஏதாச்சும்..."

"கேட்டேன். ஆபீஸ்ல முடியாதுன்னுட்டான்."

"அந்த முதுகு ஒங்க கம்பெனிக்குத்தான அண்ணே குனிஞ்சுச்சு?"

"என் முதுகும் அதே கதிதான். பஸ் ஓட்டத் தெரிஞ்சதால தப்பிச்சேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒங்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"சொன்னார், சொன்னார்," என்றாள் ஹெர்மிண்டா. "சொல்லாம இருப்பாரா? நேத்தே சொல்லிட்டார்."

ஆர்டர் வந்தது. மெஷின் வயலில் ஆமை மாதிரி நகர்ந்தது. ஹெர்மிண்டாவின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கண் மட்டும் இரண்டு பாத்தி தள்ளித் தரைக் கோஷ்டியிலேயே இருந்தது. எவரிஸ்தோ குனிந்தார், வெட்டினார், வெளி இலையைத் தட்டிவிட்டு வைத்தார். குனிந்தார். நிமிர்ந்து இடுப்பில் கைவைத்தார். பக்கத்தில் நின்ற பையன் அவருடைய பாத்தியிலும் இரண்டு வெட்டி வைத்துவிட்டு முன்னே போனான். இவ்வளவு நாள் இது தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர்! 'பார்ப்போம்' என்றாரே, எதைப் பார்ப்பதாம்?

கோபம் ஆறினபிறகுதான் கணக்கு உறைத்தது. அவள் தங்கினால் வீட்டில் ஒருவருக்கும் லெட்டூஸ் கூலி இல்லை. அவள் வடக்கே போயே தீர வேண்டும். அவள் போனால் நெரெய்தாவின் ஆட்டம் போயிற்று.

அவர் தங்கலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. அதைச் சொன்னால் என்ன? சொல்லலாம்தான். ஆனால் சொல்ல வாயெடுத்தால், உங்களுக்கு வேலை போன சங்கதி எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டும். தன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது என்று ஒரு மனிதர் பொத்திவைத்திருப்பதை எப்படிப் பிடுங்குவது? அதுவும் பிள்ளைமுன்னால்? அவளுக்கு அலுப்பாக இருந்தது. அந்த நிமிஷத்தில் மெஷினை விட்டு இறங்கி, பாத்திக்கு நடுவில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வேலை முடிந்ததும் கம்பெனி வழக்கம்போலச் சுட்ட இறைச்சியும் குளிர்ந்த சோடாவும் கொடுத்தது. எவரிஸ்தோ எல்லாரிடமும் போய்க் கைகொடுத்தார். தன் கோஷ்டிப் பையன்கள் இருவரையும் கட்டிக்கொண்டார். அதில் ஒருவன் இவள் பார்ப்பது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீடு வந்து சேர்ந்தால் அங்கே வேறு கூத்து.

தெருமுனையில் சொக்கோரோ இருக்கிறாள். ஒருகாலத்தில் லெட்டூஸ்காரி. முழங்கால் போனபிறகு வடக்கே போவதில்லை. தெருவில் பாதி வீட்டுச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கும். கடைசி வேலைநாள் அன்று, ஆட்கள் வயலிலிருந்து திரும்பு முன்பே வீடு வீடாகப் புகுந்து, ஜன்னலுக்கெல்லாம் வெயில் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டி, மெத்தைகளைச் சுவரில் சாத்தி, பிரிட்ஜைக் காலிசெய்து அணைத்து, உள்ளே பூசணம் பிடிக்காமலிருக்கக் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வைத்துவிடுவாள். வருஷா வருஷம் செய்கிற உபகாரம். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்ல ஹெர்மிண்டா மறந்துபோனாள்.

வீடு குகை மாதிரி இருண்டு கிடந்தது. பிரிட்ஜ் வாயைப் பிளந்து நின்றது.

"அய்யய்யோ மதினி! என்ன காரியம் செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? வருஷாவருஷம் செய்யறதத்தான் செஞ்சேன். ஒன் பாலு, முட்டையெல்லாம் என் வீட்டுல இருக்கு. கெட்டுப்போகாது, தின்னுருவேன்."

"இன்னைக்கு வீட்டப் பாக்க ஆள் வருது மதினி! நாங்க இங்கயே குடியிருக்கோம்னு காட்டணும்!"

"எனக்கு யாரு சொன்னா?" என்று சொக்கோரோ இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். நியாயமான கேள்விதான். ஜன்னல் தாளைக் கிழிக்க நெரெய்தா நாற்காலிமேல் ஏறினாள். ஒரு மூலை கிழிவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

வந்தவள் பெயர் இர்மா. மெக்சிகாலிப் பக்கத்துக் கால்பந்துச் சங்கத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கால் வீங்கியிருந்தது, செருப்பு வார் அழுத்தி வைத்திருந்தது. உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தாள். தாள் ஒட்டின ஜன்னல், சாத்தின மெத்தை, கரண்டி வைத்த பிரிட்ஜ்.

"எங்கயாச்சும் கெளம்புறீங்களா?"

"கெளம்பாம?" என்று சொக்கோரோ முந்திக்கொண்டாள். "லெட்டூஸ் போகுதே மேடம்! நாளன்னைக்குப் போனா இனி நவம்பர்தான். அதுவரைக்கும் இந்தத் தெருவுக்கு நான்தான் ராணி. இந்தா பாருங்க சாவி."

ஹெர்மிண்டா அவள் முழங்கையைக் கிள்ளினாள். "என்னைய ஏன் கிள்ளுத?" என்று சொக்கோரோ சத்தமாகவே கேட்டாள்.

இர்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். பிரிட்ஜில் இல்லாததால் குழாய்த் தண்ணீரே கொடுத்தார்கள். வெதுவெதுவென்று இருந்ததைக் குடித்து முடித்தாள்.

"நான் ஒங்களுக்கு எதிரி இல்லம்மா," என்றாள். "இந்தச் சட்டம் சும்மா வரல. தெக்க எங்கயோ இருந்து ஒரு பையனக் கூட்டிட்டு வந்தாங்க. இவ வயசுதான். முட்டி ஒடஞ்சுது. கூட்டிட்டு வந்தவன் அவன பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போயிட்டான். மூணு நாள் அங்கயே கெடந்தான். அவன வீட்டுக்கு அனுப்பி வச்சதே நான்தான். பிள்ளைக்குப் பக்கத்துல தாய் தகப்பன் இருக்கணும்னு நாங்க கேக்கறது அதனாலதான்."

"நியாயம்தான் மேடம்," என்றாள் ஹெர்மிண்டா.

"இவ எங்க பொறந்தா?"

"சலீனாஸ்ல. ஜூலையில. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் லெட்டூஸ் வெட்டிட்டு இருந்தேன்."

"மூத்தவன் ஒருத்தன் இருக்கான்னாங்களே?"

"எலியாசர். அவன் ஹூரோன்ல பொறந்தான். திரும்பி வர்ற வழியில, அக்டோபர்ல. இப்ப அங்கயே டிராக்டர் ஓட்டுதான், கல்யாணமும் ஆயிருச்சு." பிள்ளைப்பேறு என்று வந்துவிட்டால் எந்தத் தாய்க்கு வாய் நிற்கும்? "என் வயித்துக்கு லெட்டூஸ் கம்பெனிதான் மேடம் நாள் குறிச்சுச்சு," என்று சொல்லிச் சிரித்தாள்.

இர்மாவும் சிரித்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க உண்மையில எங்கதாம்மா குடியிருக்கீங்க?"

"லெட்டூஸ் இருக்கற எடத்துல," என்றாள் ஹெர்மிண்டா.

இருபது வருஷமாக யார் கேட்டாலும் சொல்கிற பதில் அது. பஸ்ஸில், டாக்டரிடம், கோயிலில், எங்கேயும். நினைப்பதற்கு முன்பே நாக்கு சொல்லிவிட்டது. நாற்காலிமேல் நின்றிருந்த நெரெய்தா கையில் கிழித்த தாளோடு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஹெர்மிண்டாவால் தாங்க முடியவில்லை.

இர்மா பெருமூச்சு விட்டாள். "நேராவே கேக்கேன். பதினெட்டு ஆகறவரைக்கும், கோடையோ குளிரோ, இந்த வீட்டுல இவளோட ஒருத்தர் இருக்கணும். மாமி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரின்னு சொன்னா செல்லாது. யாரு இருக்கப் போறது? நீங்களாம்மா?"

ஹெர்மிண்டா வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்ல வேண்டும். புதன்கிழமை என்றால் சொல்லியிருப்பாள். இன்றைக்கு அந்த வார்த்தை வரமாட்டேன் என்றது. இல்லை என்றும் வரவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். வாசல் நிலையில் சாய்ந்து, சேறு அப்பிய ரப்பர் பூட்ஸோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இருக்கேன்," என்றார் எவரிஸ்தோ.

"நீங்களா?" என்றாள் இர்மா.

"இவரா?" என்றாள் சொக்கோரோ.

"நான்தான். செவ்வாக்கிழமையே மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், இந்த வருஷம் நான் வரல, மகளுக்கு ஆட்டம் இருக்குன்னு." அவர் யார் முகத்தையும் பார்க்காமல் தன் தொப்பியைப் பார்த்துச் சொன்னார். "வெட்டினது போதும் மேடம். எம் மகளோட நான் இருக்கேன்."

நெரெய்தா நாற்காலியிலிருந்து குதித்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. அப்பாமுன்னால் போய் நின்றாள். "நெசமாவாப்பா? எனக்காக வேலைய விட்டியா?"

எவரிஸ்தோ ஒரு நொடி ஹெர்மிண்டாவைப் பார்த்தார். ஹெர்மிண்டா எழுந்துபோய்த் தண்ணீர்க் குவளையைக் கழுவ ஆரம்பித்தாள்.

"ஆமாட்டி," என்றார்.

நெரெய்தா அவரைப் பார்த்த மாதிரி அந்த வீட்டில் யாரும் அவரை வெகுகாலமாகப் பார்த்ததில்லை. ஹெர்மிண்டாவுக்கு முதுகுக்குப் பின்னால் அது தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. குவளையை இன்னொரு தடவை கழுவினாள்.

"சோறு யாரு பொங்குவா?" என்று சொக்கோரோ கேட்டாள். அவளுக்கு இன்னும் தீரவில்லை. "ஆம்பளை தங்கறதாவது!"

"ரொட்டியத் தாள்ல சுத்திச் சூடு பண்ணத் தெரியும். நீங்க முட்டையத் திருப்பிக் குடுத்தா அதையும் வேக வைப்பேன்."

இர்மா எழுந்தாள். "சொல்லாம வருவேன்," என்றாள். "ஜூன்ல வருவேன், ஆகஸ்ட்டுல வருவேன். அப்ப எனக்கு ஜில்லுன்னு தண்ணி வேணும்."

எவரிஸ்தோ பிரிட்ஜ் கதவிலிருந்து மரக்கரண்டியை உருவினார். கதவைச் சாத்தினார். குனிந்து பிளக்கைச் செருக வேண்டியிருந்தது. குனியும்போது முனகினார். நெரெய்தா தாவிப்போய், "விடுப்பா, நான்," என்று தானே செருகினாள். பிரிட்ஜ் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் மீதி ஜன்னல்களின் தாளைக் கிழித்தார்கள். ஹெர்மிண்டாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் நெஞ்சு லேசாகும். கேட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

"நீங்க வரலன்னு சொன்னப்ப லியோபால்தோ என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள்.

எவரிஸ்தோ தாளைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "என்ன சொல்லுவான்? வருத்தப்பட்டான்."

"படாம இருப்பாரா? ஒங்க மாதிரி யாரு வெட்டுவா?"

அவர் சுருட்டின தாளை மூலையில் சாத்தினார். கொஞ்சம் கழித்து, அந்தக் கத்தியை நீ எடுத்துக்கொண்டு போ, வழியில் ஹூரோனில் எலியாசரிடம் கொடு, இங்கே துருப்பிடிக்கும் என்றார். சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரியும் பஸ்ஸுமாக ஊர் கிளம்பியது. நெரெய்தா கிளப்பில் ஆட அனுமதி கிடைத்த சேதி சலீனாஸில் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் போனில் வந்தது. நெரெய்தா கத்தின கத்தலில் ஹெர்மிண்டா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அப்பா முட்டையைக் கருக்கிவிட்டார் என்ற சேதியும் அதிலேயே வந்தது.

மறுநாள் காலை சலீனாஸில் பனிமூட்டம் தரையோடு கிடந்தது. குளிர் எலும்பில் இறங்கியது. பஸ்ஸில் லியோபால்தோ பெயர் கூப்பிட்டு முடித்தார். எவரிஸ்தோவின் பெயரைக் கூப்பிடவில்லை. பின்சீட்டில் யாரோ, "எங்கப்பா எவரிஸ்தோவக் காணோம்? இடுப்பு ஓஞ்சு போச்சா?" என்று கேட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவருடைய கோஷ்டிப் பையன்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்கள்.

ஹெர்மிண்டா எழுந்து நின்றாள். பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் பேசினாள்.

"அவர் வரல. வரமாட்டேன்னுட்டார். எம் மக அங்க கிளப்புல ஆடுதா, அவள விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். மேஸ்திரி எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாரு. கேக்கல." பிறகு முன்பக்கம் திரும்பினாள். "இல்லையாண்ணே?"

பஸ் முழுக்க லியோபால்தோவைப் பார்த்தது. அவர் தலைக்குமேல் இருந்த கண்ணாடியைத் திருப்பி, அதில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "எவ்வளவோ கெஞ்சினேன். கேக்கலையே மனுசன்."

பஸ்ஸைக் கிளப்பினார். ஹெர்மிண்டா முன்னால் போய்த் இந்தத் தடவை தன் பொட்டலம் ஒன்றை மட்டும் இன்ஜின் மூடிமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் யாரும் உட்காராதபடி தன் பையை வைத்துக்கொண்டாள்.